ஒன்று போட்ட இடத்தில் ஏழு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை மலையகத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, எங்கள் பக்கம் எந்தப் பாதையில் திரும்பினாலும் ஒரு பெக்கோ நிற்கிறது. சரிந்த மண்ணை அள்ளுகிறது, தொங்கிக்கொண்டிருக்கும் மேட்டைச் சீவுகிறது, புது மதிலுக்கு அடித்தளம் தோண்டுகிறது. அப்படி ஒரு வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன், பேராதனையில் பொறியியல் முடித்து இரண்டு வருடம் ஆகாதவன், எனக்கு ஓர் எக்செல் கோப்பு அனுப்பியிருந்தான். எந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்கிற கணக்கு. ஐந்து இயந்திரங்கள், எட்டு அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் எடை, கடைசியில் தர வரிசை. கீழே ஒரு கட்டத்துக்குப் பச்சை நிறம் பூசியிருந்தான்: இசைவு விகிதம் 0.03. எடை சொன்னவரின் பதில்கள் ஒன்றோடு ஒன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் எண் அது, சிறிதாக இருந்தால் நல்லது. "அண்ணே, கணக்கு சரியா இருக்கான்னு ஒருக்கா பாருங்க" என்று ஒரு வரி.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. ஆனாலும் நாலு நாள் அவனுக்குப் பதில் எழுத முடியவில்லை. அதே மாதிரிப் பச்சைக் கட்டம் ஒன்றை 2019இல் நானும் வைத்திருந்தேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மூன்று கேள்விகள்

நோர்வூட் தாண்டி, பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் கட்டும் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான பழைய லயத்துக்குக் கீழே இருந்த தேயிலைச் சரிவில் நிலத்தைச் சமப்படுத்தி, உள்பாதை வெட்டி, பின்பக்கம் கருங்கல் மதில் எழுப்ப வேண்டும். ஏப்ரல் புத்தாண்டு முடிந்ததும் தொடங்க இருந்தோம். 21ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்தது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, ஆட்கள் வரப் பயம் என்று நாட்கள் போய்விட்டன. மே மாதம் பிறந்தபோது எல்லோருக்கும் ஒரே அவசரம், ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குத் தென்மேல் பருவமழைதான் பெரிய மழை. பதுளை, அப்புத்தளைக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் பயம் எங்களுக்கு வைகாசியிலேயே வந்துவிடும்.

நான் அப்போது கட்டுமான முகாமைத்துவத்தில் முதுகலை படித்துக்கொண்டே வேலை பார்த்தேன். வகுப்பில் அப்போதுதான் பல அளவுகோல் முடிவு முறைகள் நடந்துகொண்டிருந்தன. 1970களில் தோமஸ் சாட்டி உருவாக்கிய ஏஎச்பி முறை என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து, இதைவிட இது எவ்வளவு முக்கியம் என்று கேட்டால் போதும். சமம் என்றால் 1, அதற்கு மேல் போகவே இடமில்லை என்றால் 9. பதில்களிலிருந்து எடைகள் வந்துவிடும். பிறகு, 1981இல் ஹுவாங்கும் யூனும் தந்த டாப்சிஸ் முறையில், கற்பனையான மிகச் சிறந்த இயந்திரத்துக்குக் கிட்டவும் மிக மோசமானதுக்கு எட்டவும் இருப்பது எது என்று பார்த்தால் வரிசை வந்துவிடும். யாருடைய குரல் பெரிதோ அவர் சொல்லும் இயந்திரமே வந்து நின்ற சைட்களையே பார்த்துப் பழகியவன் நான். எல்லோருடைய பேச்சையும் எண்ணாக்கி, வாதத்தைத் தாளில் வைக்கிற ஒரு வழி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இன்றைக்கும் அந்த நிம்மதியை நான் தள்ளிவிடவில்லை.

இயந்திரங்கள் மூன்று. ஆறு டன், பன்னிரண்டு டன், இருபது டன் எக்ஸ்கவேட்டர்கள். எங்கள் ஊரில் எல்லாமே பெக்கோதான். சின்னது, நடுத்தரம், பெரியது என்றால் விளங்கிவிடும். அளவுகோல்கள் நிறைய இருந்தன. டீசல் எவ்வளவு குடிக்கும், ஹோஸ் வெடித்தால் ஹட்டனிலிருந்து ஆள் வருமா, இயந்திரத்தை ஏற்றிவரும் லோபெட் லொறி எதுவரை வரும் என்றெல்லாம். ஆனால் முடிச்சு மூன்றில்தான் விழுந்தது: ஒரு கியூப் (நூறு கன அடி) மண்ணுக்கான செலவு, மணிக்கு எத்தனை கியூப் என்ற உற்பத்தி, சரிவின் பாதுகாப்பு.

எடை கேட்கப்பட்டவர்களில் சைட்டை முழுதாக அறிந்தவர் எங்கள் சுப்பர்வைசர் அண்ணன் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டியவர், கொஸ்லாந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு மாலை தகரக் கொட்டிலில் பிளேன்டீயோடு உட்கார்ந்து கேட்டேன். செலவா, உற்பத்தியா? "செலவுதான் தம்பி. முதலாளி அதைத்தான் கேப்பாரு. மூணு போடுங்க." உற்பத்தியா, பாதுகாப்பா? கொஞ்சம் யோசித்தார். "வேலை இழுபட்டா மழை வந்துரும். வேகம் வேணும். அதுக்கும் மூணு போடுங்க." செலவா, பாதுகாப்பா? இந்த இடத்தில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதான். காசப் பாத்து ஆள மண்ணுக்குள்ள விட ஏலாது. சமம் போடுங்க."

கணக்குத் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். செலவு உற்பத்தியைவிட மூன்று மடங்கு, உற்பத்தி பாதுகாப்பைவிட மூன்று மடங்கு என்றால், செலவு பாதுகாப்பைவிட ஒன்பது மடங்கு ஆக வேண்டும். அவரோ சமம் என்கிறார். இசைவு விகிதம் 0.48 வந்தது. சாட்டியின் முறையில் 0.10க்குள் இருந்தால்தான் ஏற்கலாம். மீறினால் சொன்னவரிடம் திரும்பப் போய்த் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். நானும் போனேன். மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தவரைத் தனியாக அழைத்து, "அண்ணே, நேத்து சொன்னது ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. முதல் இரண்டும் சரியென்றால், மூன்றாவதில் ஏழோ ஒன்பதோ வர வேண்டும்" என்றேன். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கட்டங்கள் விளங்கியிருக்காது. "நீங்க படிச்சவங்க தம்பி, ஏழே போட்டுக்கங்க" என்றார்.

ஏழு போட்டேன். இசைவு விகிதம் 0.01க்கும் கீழே இறங்கியது. கட்டம் பச்சையானது. முதல் நாள் அவர் சொன்னபடி 0.22 ஆக இருந்த பாதுகாப்பின் எடை 0.09 ஆகிவிட்டது. அந்த இரண்டு எண்களும் ஒரே தாளில் என் கண் முன்னால் இருந்தன. நான் பார்த்ததோ பச்சைக் கட்டத்தை மட்டும்.

பெரிய பெக்கோ வந்த வாரம்

இருபது டன் முதலிடத்தில் வந்தது. கொந்தராத்துக்காரருக்கு அதில்தான் ஏற்கனவே விருப்பம், ஆகவே யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. லோபெட் கடைசி வளைவில் திரும்ப முடியாமல் அங்கேயே இறக்கிவிட, பெக்கோ தன் சங்கிலியிலேயே தோட்டப் பாதையில் ஏறி வந்தது. ஒன்பது அடிக்கு மேல் அகலம். துரைமார் காலத்துக் கல்பாதை இரண்டு பக்கமும் நொறுங்கியது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

அது வேலை செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். ஒப்பரேட்டர் பையன் கெட்டிக்காரன். மூன்றே நாளில் அறுபது அடி நீளத்துக்குச் சரிவை வெட்டி நிறுத்திவிட்டான். சின்ன இயந்திரம் என்றால் இரண்டு வாரம் இழுத்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். ஆனால் அவ்வளவு பெரிய உடம்பு நின்று சுழல வேண்டுமென்றால் தளம் அகலமாக வேண்டும். அகலம் வேண்டுமென்றால் மலைக்குள் இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும். ஆழம் கூடக் கூட வெட்டுமுகம் உயரும். அப்படித்தான் பன்னிரண்டு அடி உயரச் செங்குத்துச் சுவராக அந்த மண் நின்றது. இது எந்த இயந்திரப் பட்டியலிலும் இருக்காது. பெட்டி அளவு இருக்கும், குதிரைத் திறன் இருக்கும். இந்த இயந்திரம் நிற்பதற்கு மட்டும் மலை எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பது இருக்காது.

இன்னொன்றும் இருந்தது. மதில் கட்ட எங்களிடம் இருந்தது நாலு பாஸ்மார், அதாவது கொத்தனார்கள். கல் வந்து, உடைத்து, அடுக்கி, கலவை வைத்து, தண்ணீர்க் குழாய் விட்டு, வாரத்துக்குச் சில அடிதான் ஏறும். மூன்று நாளில் திறந்த முகத்தை மூட அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். என் அட்டவணையில் உற்பத்தி என்ற நிரலுக்கு மேலே கூடக் கூட நல்லது என்று குறித்திருந்தேன். ஆனால் மலைச் சரிவில் வெட்டுகிற கை, கட்டுகிற கையைவிட வேகமாகப் போனால், அந்த வித்தியாசம் முழுவதும் மழைக்குத் திறந்து கிடக்கும் மண். அங்கே நல்ல வேகம் என்பது பாஸ்மாரின் வேகம். அதைத் தாண்டிய ஒவ்வொரு கியூபும் நன்மையின் பக்கம் அல்ல, ஆபத்தின் பக்கம் எழுத வேண்டியது.

மே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி மழை பிடித்தது. விடியும்போது வெட்டுமுகத்தின் நடுப்பகுதி கீழே இறங்கியிருந்தது. மேலே லயத்தின் முன்பக்கக் கான் உடைந்து, தண்ணீர் நேராக அந்த வெட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஓரத்துக் காம்பராவின் இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், குறுக்காக ஒரு வெடிப்பு. என் விரல் உள்ளே போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து குடும்பங்கள் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். ஒரு பாட்டி கோழிக்கூட்டை விட்டு வர மறுத்து, பேரன் அதையும் தூக்கிக்கொண்டு வந்தான். அவர்கள் அங்கே பதினேழு நாள் இருந்தார்கள். நான் நாட்களை எண்ணினேன்.

அன்று பகல் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தினோம், மணல் மூட்டை அடுக்கினோம். அந்திக்கு ஒதுங்கி நின்றபோதுதான் சுப்பர்வைசர் அண்ணன் பேசினார். என்னைக் குறை சொல்லவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன செய்தி கேட்டு, அடுத்த நாளே அங்கே போனவர் அவர். சொந்தக்காரர் வீடு எங்கே இருந்தது என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். நின்ற மரங்கள் எல்லாம் இடம் மாறியிருந்தனவாம். "அன்னைக்கு நீங்க அந்தக் கேள்வியக் கேட்டப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அதான் சமம் போடச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குச் சாப்பாடு போயிற்றா என்று பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. 0.48 என்ற எண்ணைப் பிழை என்று எடுத்துக்கொண்டேன். அந்த மனிதர் இரண்டு செய்திகளை அந்த முரண்பாட்டுக்குள் வைத்திருந்தார். ஒன்று, அவருக்கு வேகம் என்றாலே பாதுகாப்பு. மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் உற்பத்திக்கு மூன்று கொடுத்தார். அதாவது என் இரண்டு அளவுகோல்களும் தனித்தனியானவையே அல்ல. மற்றது, உயிரைக் காசோடு வைத்து நிறுக்கச் சொன்னபோது அவர் மனம் ஒப்பவில்லை. அந்த அட்டவணையில் மறுப்பைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே வழி, பொருந்தாத ஒரு பதில். நான் அதைப் பொருத்திவிட்டேன்.

தராசில் ஏற்றக் கூடாதவை

இது எடையில் நடந்த தவறு, பாதுகாப்புக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து பழைய கோப்பைத் திறந்து, அவர் முதலில் சொன்ன ஒன்றையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்பு 0.22. அப்போதும் இருபது டன்தான் முதலில் வந்தது. எடையை 0.40க்கு மேல் தூக்கிய பிறகுதான் நடுத்தரப் பெக்கோ முன்னால் வந்தது. எனக்கு இது பெரிய அதிர்ச்சி. ஏன் என்று தோண்டியபோது காரணம் வெளியில் வந்தது. ஒரு கியூபுக்கான செலவு என்பதே மணி வாடகையை உற்பத்தியால் வகுத்தது. ஆக உற்பத்தியை இரண்டு இடத்தில் எண்ணியிருக்கிறேன், ஒரு தடவை தன் பெயரில், ஒரு தடவை செலவின் பெயரில். அந்த உற்பத்தியும் கம்பனிப் பட்டியலில் இருந்து எடுத்தது. உண்மையில் அந்தத் தோட்டப் பாதையில் ஒரு கியூப் டிப்பர்தான் ஏறும். இரண்டு டிப்பர் போய்த் திரும்பும் வரை பெக்கோ, பெரியதோ சின்னதோ, சும்மா நின்று புகை விட்டது. முதலிடம் பிடித்துக் கொடுத்த எண் சைட்டில் ஒரு நாளும் நடக்காத எண்.

அதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. எடையிட்டுக் கூட்டுகிற எந்த முறையிலும் ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறை ஈடு செய்துவிடும். டீசலும் வாடகையும் ஒன்றுக்கொன்று ஈடாகலாம், தப்பில்லை. லயத்தின் அடிமண்ணுக்கு எது ஈடு? ஒப்ரிகோவிச்சின் விகோர் முறை, எந்த அளவுகோலில் அதிகபட்ச வருத்தம் என்று தனியாகப் பார்க்கிறது என்று அறிந்தபோது இதுதான் மருந்து என்று நினைத்தேன். ஆனால் அந்த வருத்தத்தையும் அது எடையால் பெருக்கித்தான் அளக்கிறது. 0.09 கொடுத்த இடத்தில் வருத்தமும் 0.09ஐத் தாண்டாது. பிரான்ஸில் பேர்னார்ட் ருவா வளர்த்த எலெக்டர் வரிசை முறைகளில்தான் நான் தேடியது கிடைத்தது: தடை வரம்பு. ஓர் அளவுகோலில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பின்தங்கினால், மற்ற எல்லாவற்றிலும் வென்றாலும் அந்தத் தெரிவை முன்னால் வைக்க முடியாது. சுப்பர்வைசர் அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதும் இதைத்தான்.

எங்கள் ஊரிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில், 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். அங்கே யாரும் மழையை வேலை நாட்களோடோ பணத்தோடோ நிறுத்துப் பார்ப்பதில்லை. கோட்டைத் தாண்டினால் ஆட்கள் எழும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே இப்போது நான் செய்வது வேறு மாதிரி. முறையைக் கைவிடவில்லை, அதற்கு முன்னால் ஒரு வாசல் வைத்திருக்கிறேன். இயந்திரம் நின்று சுழலத் தேவையான தளம், அனுமதிக் கடிதத்தில் உள்ள வெட்டு உயரத்துக்குள் கிடைக்குமா? பாதையில் இருக்கும் மதகு அதன் பாரத்தைத் தாங்குமா? ஒரு நாளில் திறக்கும் முகத்தை மழைக்கு முன் மூட பாஸ்மார் இருக்கிறார்களா, இல்லையென்றால் துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாக வெட்ட ஒப்பரேட்டர் ஒத்துக்கொள்வாரா? இதில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த இயந்திரத்துக்கு மார்க் போடுவதே இல்லை. உள்ளே வந்தவற்றுக்குள் மட்டும் செலவு, டீசல், உதிரிப்பாகம் என்று நிறுக்கலாம். அந்த எடைகளும் நிரந்தரம் இல்லை. 2022 ஜனவரியில் டீசல் லீட்டர் 121 ரூபாய். ஜூன் கடைசியில் 460. ஜனவரியில் யாராவது டீசலுக்குக் கொடுத்த எடையை ஜூனிலும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் சைட்டே நின்றிருக்கும். காசு விலைக்குத் தக்கபடி ஆடுவதால்தான் அதைத் தராசில் வைக்க முடிகிறது. லயத்தின் அடிமண் அப்படி விலைக்கு விலை ஆடுகிற பொருள் அல்லவே.

இசைவு விகிதம் பெரிதாக வந்தால், இப்போது நான் சொன்னவரிடம் திருத்தச் சொல்லிப் போவதில்லை. எது நினைவில் வந்தது என்று கேட்கப் போகிறேன். அரைமணி நேரம் கூடுதலாகப் போகும். அந்த அரைமணியில்தான் அளவுகோல்கள் எனக்கு விளங்குகின்றன. முழு இசைவை சாட்டியே கேட்கவில்லை, 0.10 வரை இடம் விட்டிருக்கிறார். மீறும்போது என்ன பேச வேண்டும் என்பது கேட்கிறவன் கையில்தான் இருக்கிறது.

தம்பிக்கு ஐந்தாம் நாள் பதில் எழுதினேன். கணக்கு சரி என்றேன். எடைகளை யாரிடம் கேட்டாய், முதல் தடவை கேட்டபோது இசைவு விகிதம் எவ்வளவு இருந்தது, வெட்டுக்கு மேலே யார் குடியிருக்கிறார்கள் என்று மூன்று கேள்வி. அன்றைக்கே அழைத்தான். எடை கேட்டது கொழும்பு அலுவலகத்தில் நாலு பேரிடமாம். முதல் தடவை 0.31ஆம், ஒருவர் மட்டும் ஒத்துவரவில்லை, அவர் சைட்டில் இருந்து மாறிப் போனவர், பேசித் திருத்திவிட்டானாம். மேலே ஆறு வீடு, ஒரு பிள்ளையார் கோயில். அவரிடம் திரும்பப் பேசு, திருத்துவதற்கு முன்னால் இருந்த தாளை எடுத்துக்கொண்டு போ என்றேன்.

நேற்று சாயங்காலம் மறுபடி அழைத்தான். காற்றுச் சத்தத்துக்குள் பேசியது பாதிதான் கேட்டது. கோயிலடியில் நின்று தளத்தை அளந்துகொண்டிருந்தான், நாடாவின் மறுமுனையை ஒப்பரேட்டர் பிடித்திருந்தார். "அண்ணே, பதினோரு அடிதான் வருது. பெரிய ரெண்டும் உள்ள வராது. அந்த ரெண்டு வரிசையையும் அழிச்சிரவா?"

அழிக்காதே, பக்கத்தில் காரணத்தை எழுதி வை என்றேன்.